கல்லாத கல்விக்கு அத்தாட்சியா?

தாம்பரத்துக்குத் தெற்கே பெருங்களத்தூரில் அரை மணி நேரம் நின்று பார்ப்பவர் எவருக்கும் நமது வர்த்தகம் எதன்மீது ஓடுகிறதென்பது விளங்கிவிடும். தென் ஜில்லாக்களின் சரக்கு ஜி.எஸ்.டி. சாலை வழியாக வருகிறது. ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளின் கண்டெய்னர் லாரிகள் வண்டலூர் வழியாக வந்து சேருகின்றன. ஜல்லியும் மணலும் சிமெண்டும் ஏற்றிய வண்டிகள் பைபாஸ் சாலையில் இரவெல்லாம் ஓய்வதில்லை. சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் முதலிய இடங்களில் கோடை வந்துவிட்டால் தண்ணீர் லாரி இல்லாமல் அடுப்பு எரியாது. இவ்வளவையும் நமக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர் லாரி டிரைவர். அவர் அந்தத் தொழிலை எங்கே, எவ்விதம் கற்றுக்கொண்டார் என்று நாம் என்றாவது விசாரித்ததுண்டா?

விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான் கிடைக்கும். பதினாறு பதினேழு வயதில் கிளீனராக லாரியில் ஏறுகிறான் ஒரு பையன். தார்ப்பாய் கட்டுகிறான், டயர் மாற்றுகிறான், பின்னால் நின்று 'வரலாம், வரலாம்' என்று குரல் கொடுக்கிறான். டிரைவர் அண்ணன் மனம் வைத்தால், ஆளரவமற்ற சாலையில் சிறிது தூரம் சக்கரத்தைப் பிடிக்கிறான். நாலைந்து வருஷத்தில் அவனே டிரைவராகிவிடுகிறான். சட்டம் கேட்கும் பயிற்சிப் பள்ளி அத்தாட்சிப் பத்திரம் மட்டும் இறுதியில் ஓர் இடைத்தரகர் மூலம் வந்து சேருகிறது. பள்ளியின் வாசற்படியை மிதிக்காமலேயே பள்ளியில் கற்றதாக ஒரு காகிதம் பிறந்துவிடுகிறது. எந்தத் தனிப் பள்ளியையும் எந்த ஆபீஸையும் சுட்டிக் குற்றஞ் சாட்டுவது நமது நோக்கமன்று. நேர்மையாகக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகளும் உண்டு. ஆனால் 'பள்ளிக்குப் போகாமல் லைசென்ஸ் வாங்க வழி உண்டா?' என்ற கேள்வி இப்பகுதியில் இரகசியமாகக் கேட்கப்படுவதில்லை. டீக்கடையில் உரக்கவே கேட்கப்படுகிறது. நோய் எவ்வளவு பழகிப்போய்விட்டது என்பதற்கு இது ஒன்றே போதும்.

சட்டம் என்ன சொல்லுகிறதென்று முதலில் பார்ப்போம். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, போக்குவரத்து வாகனம் ஓட்டுகிறவருக்கு 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். இலகு ரக வாகன லைசென்ஸ் பெற்று ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். அதன் பின்னரே எல்.எல்.ஆர். கிடைக்கும். 9ஆவது பிரிவு, அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியின் அத்தாட்சிப் பத்திரம் இல்லாதவருக்கு இந்த லைசென்ஸ் கொடுக்கலாகாதென்று திட்டமாகக் கூறுகிறது. 1989ஆம் வருஷத்து மத்திய விதிகள், அந்தப் பயிற்சி 30 நாட்களுக்குக் குறையக்கூடாதென்றும், அதில் 15 மணி நேரமாவது வண்டியை நேரில் ஓட்டிப் பழகியிருக்க வேண்டுமென்றும் நிர்ணயிக்கின்றன. கனரக வாகனம் ஓட்டும் முறையோடு தீ அபாயம், வண்டிப் பராமரிப்பு, முதலுதவி ஆகியவையும் பாடத்திட்டத்தில் அடங்கும்.

இவ்விதி சிறு வண்டிகளுக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக லைசென்ஸ் உள்ளவரே ஓட்டலாமென்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தனர். ஆகவே 'குட்டி யானை' ஓட்டிப் பிழைக்கும் ஏழைக்கு இதனால் தொல்லையில்லை. நாம் பேசுவது உண்மையான யானையைப் பற்றி. இரண்டு அச்சுள்ள சாதாரண லாரி ஒன்று சரக்கோடு 18.5 டன் வரை இருக்கலாமென்று 2018இல் சர்க்கார் அனுமதித்தனர். அவ்வளவு எடை, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், நமது குறுகிய தெருக்களில் திரும்புகிறது.

'அநுபவத்தைவிடப் பெரிய பள்ளிக்கூடம் ஏது? கிளீனராக நாலு வருஷம் உழைத்தவனுக்கு முப்பது நாள் பள்ளி என்ன கற்றுக்கொடுத்துவிடும்?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இக்கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. பாரம் கட்டுவதையும், டயரின் சத்தத்தைக் கேட்டே கோளாறை அறிவதையும் எந்தப் பள்ளியும் அவனளவுக்குக் கற்பிக்க முடியாது. ஆனால் அநுபவம் குருவின் நல்லதோடு குருவின் பிழையையும் சேர்த்தே கொடுக்கும். அவன் குருவுக்கும் யாரும் முறையாகக் கற்பிக்கவில்லையே! இடப்புறம் திரும்பும் லாரியின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட உள்வாங்கி ஓடும். அந்த இடத்தில்தான் சைக்கிள்காரரும் ஸ்கூட்டரில் போகும் பெண்ணும் அகப்பட்டுக்கொள்கிறார்கள். பாதி நிரம்பிய தண்ணீர் டாங்கியில் பிரேக் போட்டதும் உள்ளிருக்கும் நீர் முன்னோக்கி மோதி வண்டியைத் தள்ளும். காற்றழுத்தம் குறைந்த பிரேக் எப்பொழுது கைவிடும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இவற்றைத் தவறு செய்து கற்றுக்கொள்ள இயலாது. அந்தத் தவறுக்கு விலை இன்னொருவர் உயிர். பள்ளி வண்டியில் ஆசிரியர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்க வேண்டுமென்று விதி வைத்திருப்பது இதற்காகத்தான். கிளீனர் பழகும் வண்டியில் அந்த இரண்டாவது பிரேக் கிடையாது.

விலை எவ்வளவென்பதையும் பார்க்கலாம். 2022ஆம் வருஷத்தில் இந்தியாவில் சாலை விபத்துக்களில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். அவ்வருஷம் விபத்துக்களின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்கோடு தமிழ்நாடே முதலிடம் பெற்றது. எந்த முதலிடத்துக்கும் ஆசைப்படும் நாம் இந்த முதலிடத்துக்கு வெட்கப்பட வேண்டாமா? இவை யாவும் லாரிகளால் நேர்ந்தவை அல்ல. பயிற்சிக் குறைவு ஒன்றினாலேயே நேர்ந்தவையுமல்ல. ஆயினும் முறையாகக் கல்லாத கை எந்தச் சக்கரத்தைப் பிடித்தாலும் இக்கணக்கு ஏறுமேயன்றி இறங்காது. இந்த அவலத்தைக் கண்டு பொறாமல் கோயமுத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012இல் சுப்ரீம் கோர்ட்டில் மனுச் செய்தார். அதன் பலனாக 2014இல் நீதிபதி கே. எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் கமிட்டி ஏற்பட்டது. ஒடிந்த எலும்புகளைச் சேர்த்துக் களைத்த ஒரு தமிழ் வைத்தியர், எலும்பு ஒடியாதிருக்க வழி தேடி நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

லைசென்ஸ் கொடுக்கும் முறை தளர்ந்தால் என்னவாகும் என்பதற்குத் தில்லியில் நடந்த ஓர் ஆராய்ச்சி அத்தாட்சி. கார் லைசென்ஸுக்கு முயன்ற 822 பேரைப் பொருளாதார நிபுணர்கள் நால்வர் தொடர்ந்து கவனித்து, 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். விசேஷ உதவி ஏதும் பெறாத பிரிவில் லைசென்ஸ் வாங்கியவர்களில் சுமார் 71 சதவீதத்தினர் ஓட்டும் பரீட்சைக்கே உட்படவில்லை. 62 சதவீதத்தினருக்கு, லைசென்ஸ் கைக்கு வந்த சமயத்தில், வண்டி ஓட்டப் போதிய திறமையே இல்லை. தரகர் விற்றது சிரமக் குறைவு மட்டுமல்ல, கல்லாமையையும் சேர்த்தே விற்றார். இது தில்லிக் கதை. காரைப் பற்றிய கதை. லாரி விஷயத்தில் தாம்பரம் இதற்கு விலக்காக இருக்க வேண்டுமானால் நாம் கண்விழித்திருக்க வேண்டும்.

2019 வரையில், போக்குவரத்து வாகனம் ஓட்ட விரும்புகிறவர் எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டுமென்ற விதி இருந்தது. நாட்டில் ஏறக்குறைய 22 லட்சம் டிரைவர்கள் குறைவு என்று காரணங் கூறி மத்திய சர்க்கார் அதை நீக்கினர். எழுத்தறிவு குறைந்த ஏழைக்கும் கதவு திறந்தது நியாயமே. ஆனால் படிப்பு என்ற மதில் போன பிறகு பயிற்சி என்ற மதிலே எஞ்சி நிற்கிறது. அதையும் காகிதத்தால் கட்டுவோமானால் ஊரைக் காப்பது எது?

இனிக் கிளீனர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். அவன் பள்ளிக்குப் போகாததற்குச் சோம்பல் காரணமன்று. முப்பது நாள் வேலையை விட்டால் வீட்டில் யார் சோறு போடுவது? சர்க்காரின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கனரக வாகனப் பயிற்சி நிலையம் அமைத்த இடம் கும்மிடிப்பூண்டி. அது சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையருகே இருக்கிறது. அசோக் லேலண்டு கம்பெனியார் 1995இல் பயிற்சி நிலையம் தொடங்கியது நாமக்கல்லில். முடிச்சூரிலிருக்கும் பையன் பட்டணம் முழுவதையும் கடந்து தினந்தோறும் கும்மிடிப்பூண்டிக்குப் போய்வருவானா? அருகில் நல்ல பள்ளி இல்லாமல், கையில் பணமும் இல்லாமல், சட்டத்தை மட்டும் அவன் தலையில் சுமத்தினால் அவன் தரகரிடம் போகாமல் என்ன செய்வான்? அவனிடம் பணம் வாங்கிக்கொண்டு பாடம் கொடுக்காமல் காகிதம் கொடுப்பவரே முதற் குற்றவாளி. ஏழையின் பணமும் போகிறது. அவனுக்கு உரிய கல்வியும் போகிறது. விபத்து நேர்ந்தால் சிறைக்குப் போகிறவனும் அவனே.

ஆகையால் பள்ளி வேண்டாமென்று சட்டத்தைத் தளர்த்துவதும் பரிகாரமன்று. பள்ளியை எட்டாத இடத்தில் வைத்துவிட்டுத் தண்டனையைப் பெருக்குவதும் பரிகாரமன்று. பள்ளியை அவனிடம் கொண்டு வர வேண்டும். 2021இல் ஏற்பட்ட மத்திய விதிகள், அங்கீகாரம் பெற்ற பெரும் பயிற்சி நிலையங்களில் கனரக வாகனத்துக்கு ஆறு வாரங்களில் 38 மணி நேரப் பயிற்சியை வகுத்திருக்கின்றன. அங்கே தேறியவருக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் மறுபடியும் ஓட்டிக் காட்டும் பரீட்சை இல்லை. இத்தகைய நிலையம் ஒன்றைத் தென் புறநகர்ப் பகுதியில் சர்க்காரே நிறுவ வேண்டும். 2021இல் மாநகராட்சியாக உயர்ந்த தாம்பரம் அதற்கு இடம் தேடிக் கொடுக்கலாம். மாலை வகுப்பும் ஞாயிறு வகுப்பும் வேண்டும். பயிற்சிக் காலத்துக்கு உதவிச் சம்பளம் வேண்டும். அதில் ஒரு பங்கை லாரி உடைமையாளர்கள் ஏற்பது அவர்களுக்கே லாபம். தகுதியற்றவரிடம் வண்டியைக் கொடுத்து நஷ்டஈட்டு வழக்கில் அகப்பட்டவர்களுக்கு இது தெரியும்.

இதற்கிடையில் இருக்கிற விதியையாவது நடத்த வேண்டும். ஒவ்வொரு பள்ளியும் சேர்ந்த மாணவர்களுக்கு 14ஆவது படிவத்திலும், ஒவ்வொருவரும் ஓட்டிய மணிகளுக்கு 15ஆவது படிவத்திலும் பதிவேடு வைக்கக் கடமைப்பட்டது. பள்ளியிலுள்ள கனரக வண்டிகள் எத்தனை, மாதத்தில் கொடுத்த அத்தாட்சிகள் எத்தனை என்று ஒரு பெருக்கல் கணக்குப் போட்டாலே பொய் வெளிப்படும். அதிகாரிகள் இதைச் செய்யாவிட்டால் பொதுஜன ஊழியர்கள் செய்யலாம். 2005ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அலமாரியில் வைப்பதற்காக ஏற்பட்டதன்று. நமது பகுதிப் பள்ளிகள் எத்தனை முறை பரிசோதிக்கப்பட்டன, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று ஒரு விண்ணப்பம் எழுத எவருக்கும் அரை மணி நேரம் போதும். மேடையேறிச் சாலை விபத்துக்காக வருந்துவதைவிட அது பெரிய தொண்டு.

1914இல் அந்நிய சர்க்கார் இந்நாட்டு மோட்டார் சட்டத்தை இயற்றினர். 1939இல் அதை மாற்றியமைத்தனர். இன்று அமலிலிருக்கும் சட்டமோ நாம் தேர்ந்தெடுத்த பார்லிமெண்டு இயற்றியது. அந்நியர் விதித்ததை ஏய்ப்பது ஒரு காலத்தில் சாமர்த்தியமாகத் தோன்றியிருக்கலாம். நமக்கு நாமே விதித்துக்கொண்டதை ஏய்ப்பவர் யாரை ஏய்க்கிறார்? கையெழுத்திட்ட பள்ளிக்காரரின் குழந்தையும், முத்திரை வைத்த உத்தியோகஸ்தரின் குழந்தையும் அதே சாலையைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போகவேண்டும். எதிரே வரும் லாரிக்கு அது யார் வீட்டுக் குழந்தையென்று தெரியாது.