வேலிக்கு அப்பாலிருந்து ஒரு முறைப்பாடு



வாடகை வீட்டுக்குக் குடிவந்து ஒரு கிழமைகூட ஆகியிராது. பெட்டிகள் அவிழ்க்கப்படாமல் மண்டபத்தில் கிடக்கும். உடுப்புக் காயப்போட எந்தப் பக்கம் வெயில் விழும் என்றுகூடப் பிடிபட்டிராது. அந்த நேரத்தில் வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வரும்: "தங்கச்சி, உங்கட பக்கத்துத் தண்ணி எங்கட வளவுக்குள்ள வருது. கொஞ்சம் பாருங்க புள்ள."

அந்த வீட்டில் நீங்கள் நிம்மதியாக இருக்கப்போகிறீர்களா, இல்லையா என்பது பெரும்பாலும் இந்த ஒரு வசனத்துக்கு நீங்கள் கொடுக்கும் பதிலில்தான் தங்கியிருக்கிறது.

நம் நாவில் ஆயத்தமாக இருக்கும் பதில்கள் மூன்று. "நாங்க வந்து நாலு நாள்தானே, முந்தி இருந்தவங்களிட்டக் கேக்கல்லயா?" என்பது ஒன்று. "நாங்க கூலிக்கு இருக்கிறவங்க, வீட்டுக்காரரிட்டச் சொல்லுங்க" என்பது இரண்டு. "உங்கட கோழியும்தான் இங்கால வருது" என்பது மூன்று. மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனாலும் மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வந்தவர் சொன்னதைக் கேட்காமலேயே அவரைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன.

நம் பகுதியில் வாடகைக்கு இருப்பவருக்குத் தனிப்பட்ட ஒரு சங்கடமும் உண்டு. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுகிறது. உம்மாவின் வளவு மகள்மாருக்குப் பிரிக்கப்பட்டு, அது பேத்திமாருக்கும் பிரிக்கப்படுகிறது. ஆகவே காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ ஓர் ஒழுங்கையில் அடுத்தடுத்த நான்கு வீடுகள் ராத்தா, தங்கச்சி, சாச்சி, பெரியம்மா மகள் என்று ஒரே குடும்பமாக இருக்கும். நடுவில் ஒரு வீடு மட்டும் கூலிக்கு விடப்பட்டிருக்கும். அதில் குடிவருபவர் இடமாற்றத்தில் வந்த ஆசிரியையாக இருக்கலாம். 1990ஆம் ஆண்டின் வன்செயலும் 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலையும் எத்தனையோ குடும்பங்களைச் சொந்த மண்ணிலிருந்து பெயர்த்துப் பிறர் வீடுகளில் குடியேற வைத்ததையும் நாம் மறப்பதற்கில்லை. அப்படி வந்தவருக்கு ஒருவர் முறையிட்டாலும் ஒழுங்கை முழுவதும் சேர்ந்து முறையிடுவதுபோல்தான் தோன்றும். அந்த அச்சம் இயல்பானது. ஆனால் அச்சத்தில் கொடுக்கும் பதில் பெரும்பாலும் கடுமையாகவே வந்துவிழும்.

சற்று நிதானித்து மார்க்கத்தின் பக்கம் திரும்புவோம். தான் செய்வது நல்லதா கெட்டதா என்று எப்படி அறிந்துகொள்வது என ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். அயலவர்கள் உம்மைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பாரும். அவர்கள் நல்லது என்றால் நல்லது, கெட்டது என்றால் கெட்டது என்னும் கருத்தில் அண்ணலார் விடையளித்ததாக இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் இப்னு மாஜாவில் பதிவாகியுள்ளது. எவ்வளவு பாரதூரமான அளவுகோல்! நம் தொழுகையை நாம் அறிவோம், நம் நோன்பை நாம் அறிவோம். ஆனால் நம் வீட்டுப் புகை எங்கே போகிறது, நம் கழிவுநீர் எங்கே வடிகிறது என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் அயலவரே. அவர் கொண்டுவரும் முறைப்பாடு நம்மைப் பற்றிய ஒரு சாட்சியம். சாட்சியத்தை விசாரிக்கலாம், விசாரிக்காமல் தள்ளிவிட முடியாது.

ஆகவே முதல் பதில் இப்படி இருக்கட்டும்: "அப்படியா ராத்தா? வாங்க, எந்த இடம் எண்டு காட்டுங்க." குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். கூடவே போய்ப் பாருங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று உங்கள் வீட்டைப் பார்க்கும்போது, உள்ளே இருந்து தெரியாத பல விடயங்கள் தெரியும்.

இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன். நீங்கள் குப்பை கூட்டி எரிக்கிறீர்கள். "முந்தி இருந்தவங்களும் இந்த இடத்திலதான் எரிச்சவங்க" என்று நினைக்கிறீர்கள். அவர் எரித்தது வாடைக் காற்று வீசும் காலத்திலாக இருக்கலாம். நீங்கள் எரிப்பது கச்சான் காலத்தில். காற்று திசை மாறிவிட்டது. அன்று ஒரு பக்கம் போன புகை இன்று மறுபக்கத்து வீட்டில், இழுப்பு நோயுள்ள பிள்ளை படுத்திருக்கும் அறைக்குள் போகிறது. செயல் ஒன்றுதான், காலம் வேறு. இது அந்த இடத்தில் நெடுநாள் இருந்தவருக்குத் தெரியும், புதிதாக வந்தவருக்குத் தெரியாது.

மற்றது கிணற்று விடயம். இது மிகவும் பாரதூரமானது. நம் எழுவான்கரை வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் நிலம். நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இல்லை. மாரியில் மழை கொட்டி வாவி நிறையும்போது அந்த நீர் இன்னும் மேலே ஏறும். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 50 அடியாவது இருக்கவேண்டும் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் கணக்கு. இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி. 10 பேர்ச் வளவு ஏறத்தாழ 2,722 சதுர அடி. அது சரிசதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 52 அடிதான். பிரித்துப் பிரித்து 5 பேர்ச், 6 பேர்ச் ஆகிவிட்ட வளவுகளில் உங்கள் குழி உங்கள் கிணற்றிலிருந்து தள்ளி இருக்கலாம். அயலவரின் கிணற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கும். குழாய் நீர் வந்த வீடுகளிலும் குளிக்கவும் உடுப்புக் கழுவவும் வுழூச் செய்யவும் கிணறு தேவைப்படுகிறது. எனவே "கிணத்துத் தண்ணி மணக்குது" என்று அயலவர் சொன்னால் அதைப் பொறாமை என்று எண்ணாதீர்கள். அவர் தம் பிள்ளைகளின் உடல்நலத்தைப் பற்றிப் பேசுகிறார்.

ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் அயலவரின் ஹக்குகளை எழுதும்போது, அவரது பீலியில் நீர் ஊற்றித் தொல்லை கொடுப்பதையும் அவரது முற்றத்தில் மண் கொட்டுவதையும் பெயர் சொல்லியே கண்டிக்கிறார்கள். இத்தகைய சில்லறை விடயங்கள்தாம் ஒரு பெரிய ஆன்மீக நூலில் இடம்பிடித்திருக்கின்றன.

பார்த்து முடிந்ததும் விடயத்தை இரண்டாகப் பிரியுங்கள். உங்கள் கையில் உள்ளது எது? வீட்டுச் சொந்தக்காரரின் கையில் உள்ளது எது?

உடுப்புக் கழுவும் நீரை வேறு பக்கம் திருப்புவது, குப்பையை எரிக்காமல் நகரசபை வண்டிக்குக் கொடுப்பது, பிள்ளைகளின் பந்து விளையாட்டை ளுஹருக்குப் பிந்திய ஓய்வு நேரத்தில் நிறுத்துவது, நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழும்பும்போது பாத்திரச் சத்தத்தைக் குறைப்பது ஆகியன உங்கள் கையில் உள்ளவை. இவற்றை அன்றைக்கே செய்யுங்கள். செய்ததை அயலவருக்குச் சொல்லவும் வேண்டும். "ராத்தா, இப்ப தண்ணி வருதா?" என்று மறுநாள் நீங்களாகப் போய்க் கேட்டால், பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

குழியை இடம் மாற்றுவது, இடிந்த மதிலைக் கட்டுவது, கூரைப் பீலியைத் திருத்துவது சொந்தக்காரரின் பொறுப்பு. ஆனால் "அவரிட்டப் போய்ச் சொல்லுங்க" என்று அயலவரை அனுப்பாதீர்கள். நீங்களே சொல்லுங்கள். வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், திகதியிட்டு ஒரு கடிதமும் கொடுத்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அவசரத் திருத்தத்தை நீங்கள் செய்து வாடகையில் கழிப்பதாக இருந்தால், அதற்கு அவரது சம்மதத்தை முன்கூட்டியே எழுத்தில் பெறுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி அல்குர்ஆன் நமக்குக் கற்பித்திருப்பது வீண் சச்சரவைத் தவிர்க்கத்தானே!

கூலிக்கு இருப்பவர் என்பதால் சட்டம் உங்களை விட்டுவிடும் என்றும் நினைக்கவேண்டாம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் வளவில் நீர் தேங்காமல் பார்க்கும் கடமையைச் சொந்தக்காரர் மீது மட்டுமல்லாமல் குடியிருப்பவர் மீதும் சுமத்தியது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் அயலில் குடியிருப்போருக்குத் தொல்லையாக நடந்துகொள்வதை, குடியிருப்பாளரை வெளியேற்றக் கோருவதற்கான காரணங்களுள் ஒன்றாக எழுதிவைத்தது. அலட்சியம் செய்த ஒரு முறைப்பாடு வீட்டையே இழக்கச் செய்யக்கூடும்.

சரி, முறைப்பாடு நியாயமற்றதாக இருந்தால்? அதுவும் நடக்கும். பகலில் பிள்ளை அழும் சத்தத்துக்குக்கூடச் சிலர் முறையிடுவர். அப்போதும் குரலை உயர்த்தாமல், செய்ய முடிந்ததையும் முடியாததையும் தெளிவாகச் சொல்லுங்கள். "பிள்ளை அழுறதை எங்களால நிப்பாட்ட ஏலாது ராத்தா, ஆனா உங்கட பக்கத்து ஜன்னலைச் சாத்தி வைக்கிறம்" என்று சொல்லலாம். ஆகாத ஒன்றுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு மீறுவது, மறுப்பதைவிடக் கெட்டது.

இன்னொரு விடயத்தையும் வலியுறுத்த வேண்டும். கணவர் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் சகோதரிகள் பலர், முறைப்பாடு வந்த அதே நிமிடத்தில் அழுதுகொண்டே அவருக்குக் குரல் பதிவு அனுப்புகிறார்கள். அவர் அங்கிருந்து அயல்வீட்டு ஆணுக்குத் தொலைபேசியில் ஏசுகிறார். இரண்டு பெண்கள் வேலியோரத்தில் முடித்திருக்கக்கூடிய விடயம் இரண்டு குடும்பங்களின் பகையாகிவிடுகிறது. கணவரிடம் மறைக்கச் சொல்லவில்லை. ஓர் இரவு கழியட்டும்; போய்ப் பார்த்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுச் சொல்லுங்கள்.

அயலவர் முஸ்லிம் அல்லாதவராக இருந்தால் இந்தக் கடமை குறைவதில்லை. வாவிக்கரை நெடுகிலும் தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் மாறி மாறி அமைந்திருக்கின்றன. காத்தான்குடியை அடுத்து ஆரையம்பதி, ஓட்டமாவடியை அடுத்து வாழைச்சேனை. எல்லையோர ஒழுங்கையில் எழும் தண்ணீர்ச் சண்டை இனச் சண்டையாகப் பேசப்படுவதற்கு அதிக நேரம் எடுக்காது. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்கள் தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் வீட்டாரிடம் விசாரித்தார்கள். அயலவரை வாரிசாக்கிவிடுவார்களோ என்று எண்ணுமளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் உபதேசித்த நபிமொழியை எடுத்துச் சொன்னதும் அந்தச் சந்தர்ப்பத்திலேதான்.

இருவரும் பேசியும் தீரவில்லையா? இருவரும் மதிக்கும் ஒரு பெரியவரையோ, பள்ளிவாசல் நிர்வாகத்தையோ நாடலாம். சுகாதார விடயமானால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துக் காட்டலாம். அடுத்த படி மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இச்சபையில், தரப்பினர் இருவரும் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவுசெய்ய, அவ்விருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவுசெய்வர். சட்டத்தரணிகள் அங்கே வாதாட முடியாது. இணக்கம் ஏற்படாவிட்டால் மட்டுமே, அதற்கான சான்றிதழுடன் நீதிமன்றம் போகலாம்.

அயலவர் தந்த தொல்லையால் மனமுடைந்து முறையிட்ட ஒருவரை நபி (ஸல்) அவர்கள் முதலில் பொறுமையாக இருக்கும்படி சொல்லியனுப்பினார்கள். அவர் மீண்டும் வந்தபோதுதான், வீட்டுச் சாமான்களை வீதியில் எடுத்து வைக்கச் சொன்னார்கள். போவோர் வருவோர் காரணம் கேட்டு அந்த அயலவரைச் சபிக்கத் தொடங்கவே, அவரே ஓடிவந்து, இனித் தொல்லை தரமாட்டேன், வீட்டுக்குத் திரும்பு என்று வேண்டிக்கொண்டார். அபூதாவூதில் உள்ள செய்தி இது. வாசலில் கேட்கப்படாத முறைப்பாடு வீதிக்குத்தான் வரும். உங்கள் வாசலுக்கு வந்து, உங்கள் முகத்தைப் பார்த்து ஒருவர் சொல்லும்வரை அது அல்லாஹ்வின் அருள் என்றே கொள்ளுங்கள்.

வாடகை வீடு நமக்குச் சொந்தமில்லை. ஒருநாள் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான். சுவரும் கூரையும் சொந்தக்காரருடையவை. அந்த ஒழுங்கையில் நம்மைப் பற்றி மிஞ்சும் சொல் மட்டும் நம்முடையது. அது நல்ல சொல்லாக அமைய வல்ல நாயன் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக. ஆமீன்.