டாக்டரே, நீங்க பேய்க்கதைக்கு வக்காலத்தா?

1/ நேத்து ஒரு பேய்ப் புத்தகத்தோட அட்டையைப் பகிர்ந்தேன். "அரசு ஆஸ்பத்திரி டாக்டரே மூடநம்பிக்கையைப் பரப்பலாமா?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன்.

2/ எங்க திருவாண்டார்கோயில் பக்கத்துல உச்சி வேளையில புளியமரத்தடிக்குப் போகாதேன்னு பிள்ளைங்ககிட்ட இன்னமும் சொல்றவங்க உண்டு. அந்தப் பயத்துக்கு என்ன விலைன்னு டியூட்டியில பார்த்திருக்கேன். வலிப்பு வந்த ஒரு பையனை முதல்ல மந்திரிக்கத் தூக்கிட்டுப் போயிட்டு, ரெண்டு மணி நேரம் கழிச்சுதான் எங்ககிட்ட கொண்டு வந்தாங்க. வலிப்பு 5 நிமிஷத்தைத் தாண்டினாலே அவசரம். பையன் பிழைச்சுட்டான். எனக்கு மட்டும் அன்னிக்கு வந்த கோபம் இன்னும் போகல.

3/ ஆனா அந்த வீட்டுக்காரங்க பேய் நாவல் படிச்சுக் கெட்டுப்போகல. அவங்களுக்கு அது கதைன்னு சொல்லப்படல, "நடந்தது"ன்னு சொல்லப்பட்டது. நாவல் அட்டையிலேயே "நான் கதை"ன்னு ஒத்துக்குது. பயத்தைக் கையில எடுத்து, திருப்பிப் பார்த்து, மூடி வைக்கலாம். 'காஞ்சனை' எழுதின புதுமைப்பித்தனை யாரும் மந்திரவாதின்னு சொல்லலையே!

4/ நான் பகிர்ந்த புத்தகம் சென்னை பிளாஃப்ட் பதிப்பகத்தோடது. 2008ல ராகேஷ் கன்னா, காவேரி லால்சந்த், ரஷ்மி ரூத் தேவதாசன்னு மூணு பேர் ஆரம்பிச்சது. டீக்கடை, பெட்டிக்கடையில தொங்குற மாத நாவல்களை நாம பார்த்தும் பார்க்காம போவோம். தமிழ் படிக்கத் தெரியாத ராகேஷ் அந்த அட்டைகளைப் பார்த்து அசந்துபோனார். ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், இந்திரா சௌந்தர்ராஜன் எல்லாரும் ப்ரீதம் சக்ரவர்த்தி மொழிபெயர்ப்புல ஒரே தொகுப்பா வந்தாங்க.

5/ அது ஓடுச்சு. 2010லயும் 2017லயும் அடுத்த தொகுதிகள். கூடவே நம்ம புதுச்சேரியில வாழ்ந்து 2021ல மறைஞ்ச கி.ரா. சேகரிச்ச நாட்டுப்புறக் கதைகள். 2020ல இந்தியாவோட பேய், பூதங்களுக்கு ஓர் அகராதி. நான் போட்ட அட்டை அதுதான்.

6/ என் ஆதங்கம் இங்கதான். எல்லாமே இங்கிலீஷ்ல! ராஜேஷ்குமார் மட்டும் 1,500 நாவலுக்கு மேல எழுதியிருக்கார். தமிழ் மூலம் மட்டமான தாள்ல வந்து, ஒரு மாசத்துல எடைக்குப் போச்சு. மொழிபெயர்ப்பு மட்டும் நல்ல கட்டமைப்போட ஷெல்ஃப்ல நிக்குது.

7/ அதனால தமிழ்லயே விநோதமான, இருட்டான கதைகளுக்குன்னு ஒரு சின்னப் பதிப்பகம் வேணும். பழைய மாத நாவல்கள்ல நல்லதைத் தேடி, எழுதினவருக்கோ குடும்பத்துக்கோ பணம் கொடுத்து உரிமை வாங்கி, முதல்ல எந்த வருஷம், எந்தப் பத்திரிகையில வந்ததுன்னு போட்டு அச்சடிக்கணும். கூடவே புதுசா எழுதுறவங்களுக்கும் இடம். முன்பதிவு வாங்கி, தேவைக்கு மட்டும் அச்சடிச்சா கிடங்குல கரையான் தின்னாது.

8/ லாபம் வருமா? பெருசா வராது. வேலையில இருந்துக்கிட்டே செய்யுறவங்களால முடியும்னு நினைக்கிறேன். யாராவது ஆரம்பிச்சா முதல் வருஷச் சந்தா என்னோடது. மெய்ப்புப் பார்க்க நைட் டியூட்டி முடிஞ்ச மறுநாள் நான் ஃப்ரீ.

9/ கேள்வி கேட்ட நண்பருக்கு: பேய்க்கதை தாராளமா படிங்க. வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் திணிக்காதீங்க, 108க்கு போன் பண்ணுங்க. ரெண்டையும் ஒரே ஆள் சொல்லலாம்.