மாரியும் தாராவும்

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் மன்னார்க் கரையின் தோற்றமே மாறிவிடுகின்றது. கோடையில் வறண்டு கிடந்த கட்டுக்கரைக் குளத்தின் ஓரங்கள் பசுமை கொள்கின்றன. திருக்கேதீஸ்வரத்துப் பாலாவியில் நீர் பெருகுகின்றது. வடபுலத்திலிருந்து ஊசிவால் வாத்துகளும் பிற நீர்ப்பறவைகளும் கூட்டங் கூட்டமாக வந்து வங்காலைக் கரையில் இறங்குகின்றன. இவ்வழகைக் கண்டு நாம் மகிழும் அதே நாட்களில், தாரா வளர்க்கும் வீடுகளிலே ஒரு கவலையும் தலைகாட்டுகின்றது. நேற்று மாலைவரை தவிட்டுக்காக வாயிற்படியில் வந்து கத்திய தாரா, இன்று காலை மூலையிலே ஒடுங்கிக் கிடக்கின்றது. பிள்ளைகள் அழுகின்றனர், பெரியோர் திகைக்கின்றனர்.

நீரிலே வாழும் பறவைக்கு மழையால் என்ன தீங்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தாராவின் வாலடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. அவ்வெண்ணெயை அலகினால் தொட்டு அது இறகெங்கும் பூசிக்கொள்கின்றது. ஆதலின் நீர் உள்ளே புகுவதில்லை. நோயுற்ற தாராவோ இறகு கோதுவதை விட்டுவிடுகின்றது. நீரைவிட்டு வந்த பின்னும் நனைந்தபடியே நின்று நடுங்கும் தாராவைக் கண்டால், ஏதோ கோளாறு உண்டென்று உணரவேண்டும். நம் நாட்டு மாரிக்குளிர் நல்ல உடல்நிலையுள்ள தாராவைக் கொல்வதில்லை. ஈரத் தரையும், பூஞ்சணம் பிடித்த தீனியும், அழுகிய நீருமே அதற்குப் பகை.

நோய் கண்டவுடன் செய்யவேண்டியது யாது? முதலில் அதனைக் கூட்டத்தினின்றும் பிரித்து, காற்றடிபடாத உலர்ந்த இடத்தில், வைக்கோல் பரப்பிய பெட்டியில் விடுக. அருகே நல்ல நீர் வைக்க. வாயைப் பிளந்து நீரையோ கஷாயத்தையோ ஊற்றுதல் கூடாது. அது மூச்சுக்குழலிற் புகுந்து உயிருக்கே ஆபத்தாகும். மனிதருக்குரிய மாத்திரைகளும் வேண்டா. எச்சத்தின் நிறம், நடை, மூச்சு, கடைசியாக உண்ட பொருள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு கால்நடை வைத்தியரை நாடுக. இக்குறிப்பை எழுதும் பொறுப்பைப் படிக்கும் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம். அழுது நிற்பதினும் அது தாராவுக்குச் செய்யும் பேருதவியாகும்.

குறிகள் பலவற்றை உணர்த்தும். கழுத்துத் தொய்ந்து, காலும் சிறகும் செயலற்றுப் போனால், அழுகிய பொருளிலோ பிணத்திலூறும் புழுவிலோ உள்ள நஞ்சு காரணமாயிருக்கலாம். நீர்போற் கழிந்து, கண்கள் ஒட்டி, வெளிச்சத்தை வெறுத்து, ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தால் தாராக் கொள்ளைநோயென ஐயுறலாம். 1923ஆம் ஆண்டில் ஒல்லாந்து தேசத்தில் முதன்முதல் கண்டறியப்பெற்ற அந்நோய்க்குத் தீர்க்கும் மருந்து இல்லை. வருமுன் காக்கும் தடுப்பூசியே உண்டு.

தீனியைப் பற்றி ஒரு வரலாறு கூறுவோம். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணந் தெரியாமல் மாண்டன. தாராக் குஞ்சுகளும் மடிந்தன. ஆராய்ந்தபோது, தீனியிற் கலந்த கச்சான் புண்ணாக்கிற் படர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சே காரணமென்று வெளிப்பட்டது. அந்நஞ்சுக்குத் தாராக் குஞ்சைப்போல் எளிதில் இரையாகும் பறவை அரிது. ஆகவே மாரியில் தவிடும் புண்ணாக்கும் சிறிது சிறிதாகவே வாங்கி, தரையிற் படாது உயரத்தில் வைத்தல் நன்று. பூஞ்சணம் பிடித்ததை வெயிலிற் காயவைத்துக் கொடுத்தாலும் நஞ்சு நீங்காது, எறிந்துவிடுவதே சிக்கனம்.

இனி, சொல்லக் கசப்பான ஒன்று. சாகக் கிடக்கும் தாராவை அறுத்துக் கறியாக்கிவிடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. பொருள் வீணாகக்கூடாதென்ற எண்ணம் பிழையன்று. ஆனால் இங்கே அது குடும்பத்துக்கே கேடு சூழ்வதாகும். 2014 நவம்பரில் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் வளர்ப்புத் தாராக்களிடையே பறவைக் காய்ச்சல் பரவி, பெருந்தொகையானவை அழிக்கப்பெற்றன. அந்நோய்க் கிருமியைத் தாராக்கள் வெளிக்குறி எதுவுமின்றியே சுமத்தல் கூடும். 2008இல் சரணாலயமாகவும், 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்கப்பெற்ற வங்காலைக்கு வரும் பறவைகள் நம் விருந்தினரே. எனினும் வீட்டுத் தாராக்களை அவற்றுடன் மேயவிடாதிருத்தல் இருபாலார்க்கும் நலம். பல தாராக்கள் ஒருங்கே மடிந்தால் மறைக்காமல் வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்தல் கடமை. மாண்டதை வெறுங்கையாற் தொடாது, அலுவலர் சொற்படி ஆழப் புதைத்துச் சுண்ணாம்பு இடுக. சுந்தரர் தேவாரத்தில் இடம்பெற்ற பாலாவியிலோ, வேறெந்தக் குளத்திலோ எறிதல் தகாது.

கூட்டைப் பற்றியும் சில சொற்கள். தரை மேடாக இருத்தல் வேண்டும். உமியோ உலர்ந்த மணலோ பரப்பி, ஈரமானதை நாள்தோறும் அகற்றுக. வாடை வரும் வடகிழக்குப் பக்கத்தை ஓலைத் தட்டியால் மறைத்து, மேற்புறத்தில் காற்றோட்டம் விடுக. ஒரு தாராவுக்கு 3 அல்லது 4 சதுர அடி இடம் வேண்டும். நீர்ப் பாத்திரம் மூக்குத் துளைகள் அமிழும் ஆழமுள்ளதாய், படுக்கைக்குத் தொலைவில் இருக்கட்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவு அற்பமே. வேண்டுவது கண்ணும் கருத்தும். எவ்வளவு பேணினும் சில வேளை ஓர் உயிர் பிரிந்துவிடும். அப்பொழுது பிள்ளைகளிடம் உண்மையை மறைக்காது கூறி, எஞ்சிய தாராக்களுக்கு உலர்ந்த வைக்கோல் பரப்ப அவர்களையும் அழைத்துக்கொள்ளுங்கள்.