முத்திரையற்ற துப்பாக்கியும் பத்து வருஷச் சிறையும்

ஆயுதச் சட்டத்துக்கு 2019 டிசம்பரில் பார்லிமெண்டு செய்த திருத்தத்தைப் பற்றிப் பேசியவர்களில் பலரும், ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்ததைப் பற்றியே பேசினார்கள். அதனினும் கடுமையான அம்சம் ஒன்று அதில் உண்டு. சட்டப்படி முத்திரை பொறிக்கப்படாத துப்பாக்கியை இறக்குமதி செய்தாலும், விற்றாலும், கைமாற்றினாலும் அது கள்ளக் கடத்தலாகும். தண்டனை பத்து வருஷத்துக்குக் குறையாத சிறைவாசம்; ஆயுள் பரியந்தமும் நீளலாம்.

1959-ஆம் வருஷத்து மூலச் சட்டத்தின் 8-வது பிரிவையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். முத்திரை அழிந்த துப்பாக்கி ஒருவன் வசம் இருக்குமானால், அவனே அதை அழித்தான் என்று கோர்ட்டார் அநுமானிக்க வேண்டுமாம்! அல்லவென்று ருசுப்படுத்துவது அவன் பொறுப்பு. குற்றத்தை ருசுப்படுத்துவது சர்க்கார் தரப்பின் கடமை என்று சட்டக் கலாசாலையில் நாம் படித்த பாடம் இங்கே தலைகீழாகிறது.

நமது ஆரணியில் பட்டுக்கும் முத்திரை உண்டு. மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-இல் ஏற்பட்ட சில்க் மார்க் சீட்டைச் சேலையில் கோத்து விற்கிறார்கள். நல்ல ஏற்பாடே. ஆனால் அச்சீட்டின்றிச் சேலை விற்ற நெசவாளியைப் போலிப்பட்டு விற்றவனென்று எந்த நியாயாதிபதியும் அநுமானிப்பதில்லை. இழையைச் சோதித்துப் பார்க்கவே சொல்வார். துப்பாக்கிக்கு மட்டும் முத்திரையின் இன்மையே குற்றமாகிவிடுகிறது.

இதனால் துன்புறப்போகிறவர் யார்? வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனி மனிதர் தருவிப்பது 1980-களிலேயே பெரும்பாலும் அடைபட்டுப் போயிற்று. பேர்பெற்ற குறிசுடும் வீரர்களுக்கு மாத்திரமே வழி உண்டு. ஆகையால் குடும்பங்களில் இருப்பவை பழைய சீமைத் துப்பாக்கிகளே. தகப்பனார் விட்டுப்போன இரட்டைக்குழல் துப்பாக்கியில், எண்ணெயிட்டுத் துடைத்துத் துடைத்தே எழுத்துத் தேய்ந்திருக்கும். லைசென்ஸில் பதிவு இருக்கிறது, வரி தவறாமல் கட்டியிருக்கிறார்கள். எனினும் சட்டத்தின் எழுத்தை அப்படியே கொண்டால், அதை மகன் பேருக்கு மாற்றுவதும் கடத்தலே. கள்ளத்தனமாக நாட்டுத் துப்பாக்கி செய்து விற்பவனோ எந்த முத்திரையையும் பொறிக்கப் போவதில்லை. லைசென்ஸ் இன்மையாலேயே அவன் முன்னமே குற்றவாளி.

ஐக்கிய நாடுகள் சபையின் 2001-ஆம் வருஷத்து உடன்படிக்கையை 2011-இல் நம் நாடு ஏற்றது மெய்தான். இறக்குமதியாகும் துப்பாக்கியில் தேசத்தின் பெயரையும், கூடுமானால் வருஷத்தையும் காட்டும் எளிய குறி வேண்டுமென்றே அது கேட்கிறது. தொழிற்சாலை எண்ணையோ அக்குறியையோ நாம் ஆக்ஷேபிக்கவில்லை; போலீசாருக்கு அவை உபயோகமானவையே. தேய்ந்த எழுத்துக்காக உடையவனைச் சிறையிலடைக்கும்படி அந்த உடன்படிக்கை எங்கும் சொல்லவில்லை.

லிட்டன் பிரபு 1878-இல் இயற்றிய ஆயுதச் சட்டம் வெள்ளையரை விலக்கி நம்மவரை மட்டும் சந்தேகித்தது. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை அதைக் கண்டித்துத் தீர்மானம் செய்தது. இன்று நிறபேதம் இல்லை. சந்தேகம் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டிருக்கிறது.

லைசென்ஸில் பதிவான துப்பாக்கிக்கு 8-வது பிரிவின் அநுமானம் பொருந்தாது என்று சட்டத்தில் ஒரு வாக்கியம் சேர்க்கட்டும். எழுத்துத் தேய்ந்ததென்று உடையவன் தானே வந்து சொன்னால், கலெக்டர் கச்சேரியில் சர்க்கார் செலவிலேயே புது எண் பொறித்துக் கொடுக்கட்டும். இவ்விரண்டையும் ஆரணித் தொகுதியின் லோக்சபை அங்கத்தினர் அடுத்த கூட்டத்திலேயே கேட்பாரா?