கடல் கடந்த கல்வியும் கடன் பத்திரமும்

அயல்நாட்டார் அண்ணாமலையை நாடி நம் ஊருக்கு வருவது புதிதன்று. ரமணாசிரமத்தின் வாயிலில் பல நாட்டு முகங்களை நாள்தோறும் காண்கிறோம். அதே ஊரிலிருந்து நம் மாணவர் அயல்நாடு நோக்கிப் புறப்படுவது அண்மைக் காலத்து வழக்கம். வருபவர் கையில் என்ன இருக்கிறதோ நாம் அறியோம். செல்லும் நம்மவர் பலர் கையில் இருப்பது கடன் பத்திரம். இந்தக் கடன் நன்றா, தீதா? பொருளியல் பயிலும் மாணவன் என்ற முறையில் என் கருத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

கடன் பெற்றுக் கற்பது இழுக்கன்று. அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையால் அமெரிக்கா சென்றார். உதவிக்காலம் முடிந்தமையால் இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டு 1917இல் தாயகம் திரும்பினார். பம்பாயில் பேராசிரியராகப் பணியாற்றிச் சேர்த்த பணம், கோலாப்பூர் மன்னரின் உதவி, நண்பர் ஒருவர் தந்த கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920இல் மீண்டும் கப்பலேறினார். 1892இல் ஜே.என். டாட்டா நிறுவிய அறக்கட்டளை, மேற்படிப்புக்குத் தருவதே திருப்பிச் செலுத்த வேண்டிய கடனுதவிதான். ஆகவே கடனைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. கணக்கறியாமல் கையெழுத்திடுவதற்குத்தான் அஞ்ச வேண்டும்.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி நான்கு இலட்சம் ரூபாய் வரை ஈடு வேண்டியதில்லை. ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்டால் சொத்து ஈடு கேட்பது வழக்கம். அயல்நாட்டுப் படிப்பின் செலவில் நூற்றுக்குப் பதினைந்து பங்கைக் குடும்பமே போட வேண்டும். ஒரு மாணவன் 20 இலட்சம் ரூபாயை 10 விழுக்காடு வட்டிக்குப் பெறுவதாக வைத்துக்கொள்வோம். படிப்பு இரண்டாண்டு, தவணை தொடங்கும் வரை மேலும் ஓராண்டு. முழுத்தொகையும் தொடக்கத்திலேயே பெற்றிருந்தால் இந்த மூன்றாண்டுத் தனிவட்டியே 6 இலட்சம். பின்பு 26 இலட்சத்தைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 34,000 ரூபாய் கட்ட வேண்டும். கட்டி முடிக்கையில் மொத்தம் 41 இலட்சத்தைத் தாண்டிவிடும்! டாலரில் சம்பாதிப்பவனுக்கு இது சுமையாகாமல் போகலாம். வேலை கிடைக்காமல் ஊர் திரும்பி இங்கே சம்பளம் வாங்குபவன் என் செய்வான்?

ரூபாயின் மதிப்பையும் மறந்துவிடலாகாது. 2010இல் ஒரு டாலர் ஏறத்தாழ 45 ரூபாய். 2024இல் 84 ரூபாய். அன்று 9 இலட்சத்தில் முடிந்த 20,000 டாலர் கட்டணத்துக்கு 2024இல் 16 இலட்சத்து 80 ஆயிரம் தேவைப்பட்டது. அயல்நாட்டு அரசுகளின் விதிகளும் மாறியவண்ணம் உள்ளன. கனடா 2024இல் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு விதித்தது. வாழ்க்கைச் செலவுக்காகக் காட்ட வேண்டிய தொகையை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்த்தியது. அங்கே சட்டம் மாறினாலும் இங்கே வட்டி நிற்பதில்லை.

இது எனக்கு ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. செங்கத்தை அடுத்த எங்கள் சிற்றூரில் எங்களுக்கு இருப்பது இரண்டு ஏக்கர் மல்லாட்டைக் கொல்லையும் ஓர் ஓட்டு வீடும். பொறியியல் பயிலும் என் தங்கைக்கு மேல்நாட்டில் முதுகலை பயில ஆசை. விவசாய நிலத்தை ஈடாக ஏற்கப் பல வங்கிகள் தயங்குகின்றன. அதனால் வீட்டுப் பத்திரத்தை வைப்பதா, கொல்லையை விற்பதா என்ற பேச்சு எழுந்திருக்கிறது. "பொண்ணுக்கு இவ்ளோ செலவா?" என்று உறவினர் கேட்கின்றனர். அக்கேள்வியை நான் ஏற்கவில்லை. ஆணுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விற்பதும், பெண்ணுக்கு மட்டும் கணக்குக் கேட்பதும் நீதியாகா. இருவருக்கும் ஒரே கணக்குப் போடுங்கள் என்பதே என் வாதம். தங்கைக்கும் இதையே சொல்லியிருக்கிறேன்: "கொல்லை அப்பாவோடது மட்டும் இல்லைம்மா, நம்ம எல்லாரோட சோறு. கணக்கை நீயே போடு."

நண்பர்களே! கடன் கடைசி வழியாக இருக்கட்டும். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை, தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆகியன தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர் போன்றோருக்கு உதவக் காத்திருக்கின்றன. செருமனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. அமெரிக்க ஆய்வுப் படிப்புகள் பலவற்றில், ஆசிரியப் பணியோ ஆய்வுப் பணியோ செய்து கட்டணமின்றிப் பயிலலாம். இவற்றை அறியாமலே தரகர் சொல்லும் முதல் கல்லூரிக்குப் பணம் கட்டுவோர் நம்மில் எத்தனை பேர்!

நம் கல்லூரிப் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு நாள் வங்கி மேலாளர் ஒருவரை அழைத்து, கடன் விண்ணப்பத்தை வரிவரியாக விளக்கச் செய்யுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். அறிவுக்காகப் போடும் பணத்தையும் அளந்தே போடுவோம். பத்திரத்தில் அப்பா கைநாட்டு வைக்கும் முன், அதில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல வேண்டியவர்கள், படித்த பிள்ளைகளாகிய நாமே!