வாழைக்கு அரிச்சுவடி

போன கிழமை டவுன்டவுனுக்குப் போயிருந்தேன். அங்கே கலை படிக்கிற என் அக்காவின் மகன் கோப்பி வாங்கித் தந்துவிட்டு, "மாமா, இதைப் பாருங்கோ, நல்ல பகிடி" என்று கணினியை என் பக்கம் திருப்பினான்.

கறுப்பு வெள்ளைப் படம். சாடியில் ஒரு சின்ன வாழைக்கன்று. ஒரு கை ஆங்கில எழுத்து அட்டையை அதற்கு நேரே தூக்கிப் பிடிக்கிறது. "ஏ" என்கிறது ஒரு குரல். திரும்பவும் "ஏ". திரும்பவும்... பிறகு "பி". இப்படியே கடைசி எழுத்து வரைக்கும், கிட்டத்தட்ட 18 நிமிடங்கள். வாழை வாழையாகவே இருக்கிறது.

ஜோன் பால்டெஸ்ஸாரி என்ற அமெரிக்கக் கலைஞர் 1972இல் எடுத்த வீடியோ இது. 'ஒரு செடிக்கு அரிச்சுவடி கற்பித்தல்' என்பதுதான் தலைப்பே. மனிசன் தானும் வாத்தியார்தான், கலைக்கல்லூரியில் படிப்பித்தவர். இதே காலத்தில் மார்த்தா ரோஸ்லர் என்ற பெண் கலைஞர், 1975இல், சமையலறைச் சாமான்களை வைத்து ஏ முதல் இஸட் வரை பாடம் நடத்தியிருக்கிறார். கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் அவர் காற்றில் குத்துகிற குத்தைப் பார்த்தால், பாடம் எதைப்பற்றியது என்று விளங்கும். வில்லியம் வெக்மன் தன் நாய்க்கு எழுத்துப்பிழை திருத்திக் காட்டியிருக்கிறார். அதுவாவது தலையைச் சரித்துக் கேட்கிறது.

மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாழை நான்தான்.

1992இல் மொன்றியலுக்கு வந்து, இரவில் உணவகத்தில் கோப்பை கழுவி, காலையில் பிரெஞ்சு வகுப்புக்குப் போன காலம். ரீச்சர் அப்பிள் படத்தைத் தூக்கிப் பிடிப்பா. நாங்கள் இருபது பேரும் "பொம்" என்போம். அப்பிள் எனக்குத் தெரியும். முதலாளி தராமல் வைத்திருக்கும் இரண்டு கிழமைச் சம்பளத்தை எப்படிக் கேட்பது, அதுதான் தெரியாது. அதை யாரும் படிப்பிக்கவில்லை. நீ யார், உனக்கு என்ன தெரியும், என்ன தேவை என்று ஒருவரும் கேட்கவுமில்லை. நீர்வேலியில் ஆயிரம் வாழை நட்டவனுக்கு "பனான்" சொல்லப் பழக்கினார்கள்!

ஆனால் ஒன்று. எழுத்தைப் பகிடி பண்ண எழுத்துத் தெரிந்தவனால்தான் முடியும். என் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா ஊரில் பள்ளிக்கூடமே போகாதவ. மூன்று மாதம் கழித்துத் தன் பெயரைத் தானே எழுதி ஒரு படிவத்தில் ஒப்பமிட்டா. அண்டைக்கு அவவின் முகத்தைப் பார்த்த நான், அரிச்சுவடி வீண் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். 1956இல் தனிச்சிங்களச் சட்டம், 1958இல் வாகன இலக்கத் தகட்டிலிருந்த ஒற்றைச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துக்காகத் தார் பூசிய போராட்டம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எழுத்து எங்களுக்கு விளையாட்டில்லை. அதனால்தான் 1977இல் 101ஆம் சட்டம் கொண்டுவந்த கியூபெக்காரரின் பயமும் எனக்கு விளங்குகிறது.

விளங்காதது வேறு. 2022இல் நிறைவேறிய 96ஆம் இலக்கச் சட்டம், வந்து ஆறு மாதம் முடிந்தால், சில விதிவிலக்குகள் தவிர, அரசாங்கம் குடிவரவாளரோடு பிரெஞ்சில் மட்டுமே தொடர்புகொள்ளும் என்கிறது. 2024 இலையுதிர்காலத்திலோ, காசு முடிந்துவிட்டது என்று பல இடங்களில் பிரெஞ்சு வகுப்புகளை மூடினார்கள். பால்டெஸ்ஸாரி கூட வாழையிடம் "ஆறு மாதத்தில் பேசு" என்று சொல்லவில்லை. அட்டையைப் பாதியில் பறிக்கவுமில்லை.

சரி, அவர்களைச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமைகளில் தமிழ் படிப்பிக்கும் நண்பர்களே, கோபிக்காதையுங்கோ, இனி எங்கள் கதை. நானும் ஏழு வருடம் படிப்பித்தவன். 'உ' அட்டையைத் தூக்கி "உரல்" என்பேன். ஒருநாள் ஒரு பிள்ளை எழும்பி "உரல் எண்டா என்ன?" என்று கேட்டது. "அதை விடு, நீ சொல்லு, உரல்" என்றேன். பிள்ளையும் சொன்னது. அந்தப் பிள்ளை என் மகள். இன்றைக்கு நான் தமிழில் கேட்க அவள் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள். இவ்வளவு நாளும் நாட்டைக் குறை சொன்னேன், பள்ளிக்கூடத்தைக் குறை சொன்னேன், தொலைக்காட்சியைக் குறை சொன்னேன். அட்டையைப் பிடித்திருந்த கையை மட்டும் பார்க்கவில்லை.

அரிச்சுவடி வேண்டும்தான். ஆனால் அட்டையைத் தூக்க முன்னம் முன்னால் இருப்பவரைப் பார்க்கவேண்டும். தோட்டத்தில் அப்பு வாழைக்குப் பாடம் எடுத்ததில்லை. இலை வாடுதா, வாய்க்காலில் தண்ணி வருதா என்று நாள்தோறும் பார்ப்பார். குலையை வாழை தானே போடும்.

மருமகனிடம் கேட்டேன்: "தம்பி, அந்தாள் கடைசியிலயாவது அதுக்குத் தண்ணி ஊத்தினவரோ?"

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுப் படத்தைக் கடைசிவரை ஓடவிட்டான். இல்லை.