திரை உடைந்தால் பழி யார் மேல்?

காஞ்சிபுரம் ஜவுளிக் கடைகளில் துணி கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் ஓரத்தில் கத்தரிக்கோலால் சின்னதாக ஒரு வெட்டு. பிறகு இரண்டு கையாலும் ஓர் இழுப்பு. சர்ரென்று கிழிந்து விடும். அந்த வெட்டு இல்லாமல் இழுத்துப் பாருங்கள், கைதான் வலிக்கும். உங்கள் லேப்டாப் திரையும் இப்படித்தான் உடைகிறது.

கண்ணாடியின் அணுப் பிணைப்புகளைக் கணக்கிட்டால் அது மிக உறுதியாக இருக்க வேண்டும். ஆனால் நடைமுறையில் அப்படி இல்லை. காரணம், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய விரிசல்கள் என்று இங்கிலாந்துப் பொறியாளர் ஏ.ஏ.கிரிஃபித் 1921-ல் வெளியான கட்டுரையில் விளக்கினார். கொடுக்கும் விசை விரிசலின் நுனியில் குவிகிறது. இரும்பு என்றால் அங்கே நெளிந்து கொடுக்கும். கண்ணாடிக்கு அது தெரியாது. பிளந்து கொண்டே போகும்.

எனவே நேற்று விழுந்த கீறல் இன்று உடைவதற்குக் காரணமாகலாம். திரையைத் துடைக்கும் முன் தூசியைத் தட்டி விடுங்கள். மணல் துகளோடு சேர்த்து அழுத்தித் தேய்க்காதீர்கள். கீபோர்டு மேல் பேனாவை வைத்து மூடியை மூடவே மூடாதீர்கள்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். ஒரு நாள் காலை என் லேப்டாப்பைத் திறந்தால் திரையில் விரிசல். அது கீழே விழவே இல்லை. சர்வீஸ் சென்டரில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பிசிகல் டேமேஜ் சார், வாரண்டி கிடையாது" என்றார்கள். எப்படிச் சொல்கிறீர்கள் என்றதற்குப் பதில் இல்லை.

உடைந்த கண்ணாடி பேசும். விரிசல் கோடுகளைப் பின்னோக்கித் தொடர்ந்தால் அவை தொடங்கிய இடம் தெரியும். அடி பட்டிருந்தால் அந்த இடம் பெரும்பாலும் நொறுங்கியிருக்கும். உடைந்த பரப்பை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தொடக்கப் புள்ளியைச் சுற்றி வழவழப்பும், தள்ளிப் போகப் போக சொரசொரப்பும் தெரியும். இதைப் படிப்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது.

தவறு நம்முடையதாகவும் இருக்கலாம். ஆனால் அதைக் காட்டிவிட்டுச் சொல்லட்டும். "விரிசல் எங்கே தொடங்கியது? எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். ஒப்படைக்கும் முன் திரையைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

நம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை 2000-ம் ஆண்டு முதல் கண்ணாடி தயாரிக்கிறது. கண்ணாடி செய்யும் ஊர்க்காரர்கள் கண்ணாடியைப் பற்றிக் கேள்வி கேட்கத் தயங்கலாமா?